ஒரு ஸ்டாப் வெளிச்சம் என்ன விலை?

கேமரா வாங்கின ஆறாவது மாசம் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். "மச்சி, வீட்டுக்குள்ள ஆளுங்களை எடுத்தா படம் ஆடிப்போயி, புள்ளி புள்ளியா வருது. ஃப்ளாஷ் போட்டா பேயறைஞ்ச மாதிரி இருக்கு. என்ன லென்ஸ் வாங்கலாம்?" எங்க வகுப்பில் கேமரா வைத்திருக்கிற அத்தனை பேரும் ஏதாவது ஒரு நாள் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட அடுத்த நிமிஷம் யாராவது ஒரு புண்ணியவான் "எஃப்/1.2 எடு மாமு, சும்மா தீயா இருக்கும்" என்று ஏற்றி விடுவான். அப்புறம் இ.எம்.ஐ. கணக்கு ஆரம்பிக்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரமாகக் கிளம்புகிறவர்கள் இதோடு கிளம்பலாம். உங்கள் கேமராவுக்குக் கிடைப்பதிலேயே விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட லென்ஸில் போடாதீர்கள். மிச்சம் தேவைப்படும் வெளிச்சத்தை ஜன்னலில் இருந்து வாங்குங்கள், அங்கே இலவசம்.

சரி, இனி மேட்டருக்கு வருவோம். நான் பி.காம். இயற்பியல் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் லென்ஸ் வாங்குவது பாதி இயற்பியல், மீதி காமர்ஸ். பின் பாதியில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு இல்லையா? :-)

ஆடுவது யார்?

வீட்டுக்குள் படம் ஆடிப் போவதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்வதால்தான் பாதி பேர் தப்பான லென்ஸ் வாங்குகிறார்கள்.

ஒன்று, நம் கை ஆடுவது. இதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. லென்ஸின் நீளம் எவ்வளவோ, ஷட்டர் வேகம் ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நம்மிடம் இருக்கிற சின்ன சென்சார் கேமராக்களில் (ஏ.பி.எஸ்-சி என்பார்கள்) 50 மி.மீ. லென்ஸ் கேனனில் 80 மி.மீ. மாதிரியும், நிக்கான், சோனியில் 75 மி.மீ. மாதிரியும் காட்டும். அதனால் 1/80 நொடியாவது வேண்டும்.

இரண்டாவது, எதிரில் இருப்பவர் ஆடுவது. மனுஷன் மூச்சு விடுகிறான், தலையை ஆட்டுகிறான், சிரிக்கிறான், "எடுத்தாச்சா?" என்று கேட்கிறான். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கே 1/125 இருந்தால்தான் நிம்மதி. குழந்தை என்றால் 1/250-க்குக் கீழே போனால் உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இப்போது பாருங்கள். இமேஜ் ஸ்டெபிலைசர், வைப்ரேஷன் ரிடக்ஷன் என்றெல்லாம் பெயர் வைத்து விற்கிறார்களே, அது முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் மருந்து. உங்கள் கையை அது பிடித்துக்கொள்ளும், பாட்டியின் தலையைப் பிடித்துக்கொள்ளாது. கோயில் கோபுரத்தை 1/10-ல் எடுக்க அது தெய்வம். முகத்தை எடுக்க அது பக்கத்து வீட்டுக்காரர், நல்லவர்தான், ஆனால் நம் பிரச்சினை அவருக்குச் சம்பந்தமில்லை. "இதில் ஸ்டெபிலைசர் இருக்கு, அதனால எஃப்/5.6 போதும்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். முகத்துக்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும்.

ஸ்டாப் என்கிற கரன்சி

வெளிச்சத்துக்கு ஒரு நாணயம் உண்டு. அதன் பெயர் ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு, ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதி. அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் இந்த ஒரே நாணயத்தில்தான் வரவு செலவு வைக்கின்றன. ஷட்டரை 1/60-இல் இருந்து 1/125 ஆக்கினால் ஒரு ஸ்டாப் செலவு. ஐ.எஸ்.ஓ-வை 800-இல் இருந்து 1600 ஆக்கினால் ஒரு ஸ்டாப் வரவு. டபுள் என்ட்ரி மாதிரியே, எங்கேயாவது டெபிட் ஆனால் எங்கேயாவது கிரெடிட் ஆகியே தீர வேண்டும்.

எஃப் எண் என்பது லென்ஸின் நீளத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. அதனால்தான் எண் சின்னதாக ஆக துவாரம் பெரிதாகிறது. வெளிச்சம் துவாரத்தின் பரப்பைப் பொறுத்தது. ஆகவே இரண்டு லென்ஸை ஒப்பிட வேண்டுமென்றால் எஃப் எண்களை வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கேனனின் இப்போதைய சின்ன மிரர்லெஸ் கேமராக்களோடு வரும் கிட் லென்ஸ் 18-45 மி.மீ. அதை முகத்துக்குத் தோதாக 45-இல் வைத்தால் எஃப்/6.3. அதைவிட்டு எஃப்/1.8 லென்ஸைப் போட்டால் 6.3 வகுத்தல் 1.8, அதாவது 3.5. மூன்றரையை மூன்றரையால் பெருக்கினால் 12.25. பன்னிரண்டு மடங்கு வெளிச்சம்! ஸ்டாப் கணக்கில் சுமார் 3.6.

இது படத்தில் எப்படித் தெரியும்? ஜன்னல் ஓரம் 1/125 ஷட்டர், எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 800 வைத்து ஒரு முகத்தை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதே இடத்தில், அதே ஷட்டரில், கிட் லென்ஸ் கிட்டத்தட்ட ஐ.எஸ்.ஓ. 10000 கேட்கும். முதல் படத்தில் பாட்டியின் சுருக்கங்கள் இருக்கும். இரண்டாவது படத்தில் ரவை உப்புமா இருக்கும்.

அதனால் கிட் லென்ஸிலிருந்து மாறியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

மார்ஜினல் காஸ்ட் எடுபடும் ஒரே இடம்

முதல் வருஷம் படித்த மார்ஜினல் காஸ்ட் வாழ்க்கையில் எங்காவது பயன்படுமா என்று நினைத்துக் கொண்டிருந்தேன். பயன்படுகிறது.

கேனன் தன் ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப்/1.8-ஐ 2020-இல் வெளியிட்டபோது அமெரிக்க விலை சுமார் 200 டாலர். எடை 160 கிராம். அதே வரிசையில் 50 மி.மீ. எஃப்/1.2 எல் லென்ஸ் 2018-இல் வந்தபோது சுமார் 2300 டாலர். எடை 950 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசி.

எஃப்/1.2-க்கும் எஃப்/1.8-க்கும் வெளிச்ச வித்தியாசம் எவ்வளவு? 1.8 வகுத்தல் 1.2, ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25 மடங்கு. ஸ்டாப்பில் சொன்னால் 1.17.

இனி ஒரு ஸ்டாப்புக்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

கிட் லென்ஸிலிருந்து எஃப்/1.8-க்கு: 200 டாலர், 3.6 ஸ்டாப். ஒரு ஸ்டாப் சுமார் 55 டாலர்.

எஃப்/1.8-இல் இருந்து எஃப்/1.2-க்கு: கூடுதலாக 2100 டாலர், 1.17 ஸ்டாப். ஒரு ஸ்டாப் சுமார் 1800 டாலர்.

முப்பத்திரண்டு மடங்கு! ஒரே சரக்கு, ஒரே கம்பெனி, ஒரே அளவு வெளிச்சம். முதல் பொட்டலம் 55, அடுத்த பொட்டலம் 1800. மளிகைக் கடையில் இப்படி விலை சொன்னால் சண்டைக்குப் போவோம். கேமரா கடையில் மட்டும் "ப்ரோ லென்ஸ்" என்று பயபக்தியோடு கையில் வாங்குகிறோம். டாலர் கணக்கு நம்மூருக்கு வரும்போது வரியெல்லாம் சேர்ந்து எண்கள் மாறும். விகிதம் பெரிதாக மாறாது.

எஃப்/1.4-க்கும் இதே கதைதான். எஃப்/1.8-ஐ விட அது தருவது 1.65 மடங்கு, அதாவது முக்கால் ஸ்டாப் கூட முழுசாக இல்லை.

அந்த ஒரு ஸ்டாப்பை வேறு எங்கே வாங்கலாம்? ஐ.எஸ்.ஓ. பட்டனை ஒரு தடவை தட்டினால் கிடைக்கும், செலவு பூஜ்யம். இங்கே ஒரு சரித்திரமும் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் ஸ்டூடியோக் கடையில் 100, 200, மிஞ்சிப் போனால் 400 என்று ரோல் கொடுப்பார்கள். உள்ளே போட்ட ரோல் 36 படம் முடியும் வரை மாறாது. அப்போது வெளிச்சம் வேண்டுமென்றால் லென்ஸ் மட்டும்தான் கதி. எஃப்/1.4 லென்ஸுக்கு அந்தக் காலத்தில் மரியாதை இருந்ததில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்தாலும் சின்ன சென்சாரில் கூட முகம் முகமாகவே இருக்கிறது. மிச்சப் புள்ளிகளைத் துடைக்கவும் மென்பொருள் வந்துவிட்டது. புள்ளியைத் துடைக்கலாம், ஆடின படத்தை ஒன்றும் செய்ய முடியாது. காலம் மாறிவிட்டது, மரியாதை மட்டும் அப்படியே நிற்கிறது.

"பின்னாடி ப்ளர் ஆகணுமே!"

இதைத்தான் அடுத்துச் சொல்வார்கள் என்று தெரியும். வெளிச்சத்துக்காக இல்லையாம், பின்னணி வெண்ணெய் மாதிரி உருகுவதற்காகவாம்.

சின்ன சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ். ஒன்றரை மீட்டர் தள்ளி ஆள். எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் வெறும் 6 செ.மீ. எஃப்/1.2 என்றால் 4 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஒரு மனுஷனுக்குப் பன்னிரண்டு செ.மீ. சுமார் இருக்கும். அதாவது எஃப்/1.8-இலேயே கண் தெளிவாக இருந்தால் காது கரைந்துவிடும். இதற்கு மேலும் என்னத்தைக் கரைக்கப் போகிறீர்கள்?

கையில் பிடித்து எடுக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபோகஸ் செய்து பட்டனை அழுத்துவதற்குள் நாம் இரண்டு செ.மீ. முன்னே சாய்வோம், அவர் இரண்டு செ.மீ. பின்னே சாய்வார். நாலு செ.மீ. போயே போச்சு. புது மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடர்ந்து ஃபோகஸ் செய்கின்றன, அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் எஃப்/2.8-இல் கிட்டத்தட்ட 10 செ.மீ. ஆழம் கிடைக்கும்போது முகம் முழுசாக வருகிறது. வெளிச்சம் இருந்தால் எஃப்/1.8 லென்ஸையே எஃப்/2.5, எஃப்/2.8 என்று கொஞ்சம் மூடித்தான் எடுக்கச் சொல்வேன். தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தால் எஃப்/4. எஃப்/1.2-ஐக் காசு கொடுத்து வாங்கி எஃப்/2.8-இல் வைத்து எடுப்பது, ஏ.சி. கோச்சில் டிக்கெட் எடுத்துவிட்டு வாசல் படியில் நின்று கொண்டு போவது மாதிரி.

வெளிச்சத்துக்காக அகலத் திறப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சினிமாவில் ஒரு உதாரணம் இருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக் தன் 'பேரி லிண்டன்' (1975) படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுக்க ஆசைப்பட்டார். அதற்காக, 1960-களில் நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செய்த 50 மி.மீ. எஃப்/0.7 லென்ஸை வாங்கி கேமராவில் மாட்ட வைத்தார். வெளிச்சம் கிடைத்தது. ஆழம் போய்விட்டது. நடிகர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அவர்கள் முன்னே பின்னே நகர்கிறார்களா என்று பார்க்கப் பக்கவாட்டில் தனியாக ஒரு வீடியோ கேமரா வைத்து, அதைப் பார்த்து ஃபோகஸ் செய்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கார் கிடைத்தது என்பது வேறு விஷயம். அவரிடம் ஒரு படையே இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு கை, ஒரு தாத்தா, தாத்தாவுக்குக் காபி ஆறுவதற்குள் கிடைக்கும் ஐந்து நிமிஷம்.

ஏன் 50, ஏன் 85 இல்லை?

"போர்ட்ரைட் என்றால் 85 மி.மீ. தானே?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். சரிதான், பெரிய சென்சார் (ஃபுல் ஃப்ரேம்) கேமராவுக்கு. அதில் நான் கூட 85 மி.மீ. எஃப்/1.8 தான் சொல்வேன். நம்முடைய சின்ன சென்சாரில் அந்த வேலையை 50 செய்கிறது.

அறையை அளந்து பாருங்கள். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அடி அறை என்பதே தாராளம், அதிலும் கட்டில், பீரோ போக மிச்சம்தான். கேனனின் சின்ன சென்சாரில் 85 போட்டு இடுப்புக்கு மேலே ஒருவரை எடுக்க 13 அடி பின்னால் போக வேண்டும். சுவரை இடித்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சமையலறையில் நின்றுதான் எடுக்க முடியும். 50 என்றால் ஏழரை அடி. தோள் வரை மட்டும் போதுமென்றால் நாலரை அடி.

அப்படியானால் 35 மி.மீ. இன்னும் வசதியா? அறை முழுக்கக் காட்டி, ஆளை அவர் வேலையோடு சேர்த்து எடுக்க 35 அருமை. ஆனால் முகத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் மூன்றடிக்குப் போக வேண்டும். அந்தத் தூரத்தில் மூக்கு பெரிதாகும், காது சுருங்கும். இது லென்ஸின் குற்றமில்லை, தூரத்தின் குற்றம். எந்த லென்ஸானாலும் கிட்டே போனால் மூக்குதான் முதலில் வரும். செல்ஃபியில் நாம் எல்லாரும் கொஞ்சம் மூக்கர்களாக இருப்பதும் இதனால்தான். அதோடு மூன்றடியில் ஒரு கண்ணாடிக் குழாயை மூஞ்சிக்கு நேரே நீட்டினால் எந்தப் பெரியவருக்கும் முகம் இறுகிவிடும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வழி. உங்கள் கிட் லென்ஸ் 18-55 என்றால் அதை 50-இல் வைத்து ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் அப்படியே எடுங்கள். படம் புள்ளியாக வரட்டும், பரவாயில்லை. தூரம் ஒத்து வருகிறதா என்பது மட்டும்தான் சோதனை. ஒத்து வராவிட்டால் 35 மி.மீ. எஃப்/1.8. லென்ஸ் வாங்கிவிட்டுத் தெரிந்து கொள்வதைவிட டேப் மலிவு.

இலவச ஸ்டாப்

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். கடைக்காரர் சொல்லாத விஷயம்.

ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஜன்னல். அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஜன்னலில் இருந்து ஒரு மீட்டருக்கு வரச் சொல்லுங்கள். ஜன்னலிலிருந்து நேராக முகத்தில் விழும் வெளிச்சம் சுமார் ஏழு மடங்காகும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முதலிலேயே கொஞ்சம் இருந்திருக்கும் என்பதைக் கழித்தாலும் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் கையில் நிற்கும். எஃப்/1.8-இல் இருந்து எஃப்/1.2-க்குப் போனால் கிடைப்பதைவிட அதிகம். செலவு: ஒரு நாற்காலியை ஆறேழு அடி நகர்த்துவது.

நகர்த்தினால் மட்டும் போதாது, திசையும் வேண்டும். ஜன்னலை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தால் கேமரா ஜன்னலைப் பார்த்து மயங்கி முகத்தைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் தூக்கினால் நிழலில் இருக்கும் புள்ளியெல்லாம் கூடவே எழுந்து வரும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அந்தப் பக்கக் கன்னத்தில் நிழல் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்து நாற்காலி முதுகில் போட்டு அந்தப் பக்கம் வையுங்கள். இதையே வட்டமாகச் செய்து, பை போட்டு, ரிஃப்ளெக்டர் என்று விற்கிறார்கள்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். "இருட்டா இருக்கே, லைட்டையும் போடேன்" என்று அம்மா சொல்வார்கள். பாசம்தான், ஆனால் படத்துக்கு ஆகாது. மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் சேர்ந்தால் பாதி முகம் நீலம், பாதி முகம் மஞ்சள். ட்யூப் லைட்டும் சில எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு நூறு தடவை மினுக்கும், வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக விழும்.

பழைய ஓட்டு வீடு இருந்தால் நீங்கள் ராஜா. முற்றத்தின் ஓரத் தாழ்வாரம், திண்ணை, வாசல் நிலைப்படிக்கு அரை அடி உள்ளே என்று இந்த மூன்று இடத்துக்கு நிகரான ஸ்டூடியோ கிடையாது. மேலே கூரை நேர் வெயிலை மறைக்கும், முன்னே திறந்த வானம் பெரிய ஜன்னலாக நிற்கும். ஃப்ளாட் வீடு என்றால் பால்கனிக் கதவு. மாலை ஐந்து மணிக்கு மேல் அரை மணி நேரம், துவைத்த துணிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஜூலியா மார்கரெட் கேமரன். (பெயரிலேயே கேமரா பக்கத்தில் வந்துவிட்டது.) 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் வீட்டிலிருந்து பரிசாக ஒரு கேமரா வந்த பிறகுதான் படம் எடுக்கவே ஆரம்பித்தார். இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி வைத்து ஸ்டூடியோ ஆக்கிக் கொண்டார். ஒரு படத்துக்கு எதிரில் இருப்பவர் சில நிமிஷங்கள் அசையாமல் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட காலம். ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய நிபுணர்கள் திட்டித் தீர்த்தார்கள். கடைசி வருஷங்களில் இலங்கைக்குப் போய் அங்கேயும் வீட்டைச் சுற்றியிருந்த எளிய மக்களைப் படம் எடுத்து, 1879-இல் அங்கேயே இறந்தார். அவர் எடுத்த முகங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. நம் கையில் இருக்கும் மலிவான 50 மி.மீ. லென்ஸ் அவர் கனவிலும் கண்டிராத வேகம். அவரிடம் இருந்து நமக்கு இல்லாதது ஒன்றுதான்: ஆளை எங்கே உட்கார வைப்பது என்கிற அக்கறை.

யார் வாங்கலாம்?

எஃப்/1.2 வாங்குகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்லவில்லை. கல்யாண வீட்டில் படமெடுத்துச் சம்பாதிக்கிறவர் மணமகளை "கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க" என்று நகர்த்த முடியாது. முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது. அவருக்கு ஒவ்வொரு அரை ஸ்டாப்பும் வருமானம். அவருக்கு லென்ஸ் ஒரு மூலதனச் சொத்து. தேய்மானம் எழுதுவார், அடுத்த வருஷம் விலையை ஏற்றுவார், போட்ட பணத்தை எடுப்பார். நமக்கு அது செலவு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கடன் வாங்கினால் மூன்று வருஷம் பி.காம். படித்து என்ன பிரயோஜனம்? ஒரு விசேஷத்துக்குத்தான் வேண்டுமென்றால் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் வாங்கி ஆசை தீர எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

பழைய சரக்கு வாங்குகிறவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. நிக்கானில் 50 எஃப்/1.8 'டி' என்று பழைய லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதற்குள் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது, அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸில் மாட்டினாலும் ஆகாது. 'ஜி' என்று முடிவதை வாங்குங்கள். கேனனில் 2015-இல் வந்த 50 எஃப்/1.8 எஸ்.டி.எம். நல்ல லென்ஸ். அடாப்டர் போட்டால் புது மிரர்லெஸ்ஸிலும் ஒழுங்காக வேலை செய்யும். அடுத்தது, லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்து எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றுக்கு அது சீக்கிரம் வரும். என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

கேமராவே இல்லை, போன்தான் என்கிறவர்களுக்கும் ஜன்னல் கணக்கு அப்படியே பொருந்தும். சொல்லப் போனால் இன்னும் அதிகமாகப் பொருந்தும். இருட்டில் பல போன்கள் டெலி லென்ஸை ஓரம் கட்டிவிட்டு மெயின் லென்ஸ் படத்திலிருந்தே வெட்டிக் கொடுக்கின்றன. நீங்கள் 3 எக்ஸ் என்று நினைத்துக் கொண்டிருப்பது வெறும் கத்தரிக்கோல் வேலையாக இருக்கலாம். வெளிச்சத்துக்கு நகர்ந்தால் உண்மையான லென்ஸ் முழித்துக்கொள்ளும்.

எதற்கு இவ்வளவு கணக்கு?

நம் வீடுகளின் சுவரில் மாலை போட்டுத் தொங்கும் படங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதிப் படங்கள் அதற்காக எடுத்தவை அல்ல. ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்ற தலையை வெட்டி, பெரிதாக்கி, பின்னால் நீல வானத்தை ஒட்டி, நிறத்தை நாலு படி வெளுப்பாக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார் படம். எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு ஒழுங்கான ஒரே படம், அரசாங்கம் அவரிடம் "அசையாதீங்க" என்று சொல்லி எடுத்த படம். அந்தக் கருப்பு நிறமும், சிரித்தால் கண்ணோரம் விழும் கோடும், பாம்படம் போட்டு நீண்ட காதும் எதிலும் இருக்காது.

நம் தலைமுறையிடம் கேமரா இருக்கிறது, ஆளுக்கொரு போன் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறோம். ஆனாலும் "நல்ல லென்ஸ் வாங்கின அப்புறம் தாத்தாவை ஒழுங்கா எடுக்கணும்டா" என்று தள்ளிப் போடுகிற நண்பர்கள் எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவன் ஒரு வருஷமாக எஃப்/1.2-க்குப் பணம் சேர்க்கிறான். லென்ஸ் எங்கேயும் போகாது. அடுத்த வருஷம் விலை குறையக்கூடக் குறையலாம். தாத்தாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்று இரண்டாவது செமஸ்டரில் ஒரு மார்க் கேள்வி வந்ததே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அந்த நண்பனுக்கும், அவனை மாதிரி யோசித்துக் கொண்டிருக்கிற உங்களுக்கும் என் கணக்கு இதுதான். சேர்த்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து எஃப்/1.8 வாங்கு. அதையும் வாங்க முடியாவிட்டால் இருக்கிற கிட் லென்ஸோடு, இருக்கிற போனோடு போ. இன்னொரு பங்கை ஊருக்குப் போகிற பஸ் டிக்கெட்டுக்கும், படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டுவதற்கும் வைத்துக்கொள். காலை எட்டு மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடு. ட்யூப் லைட்டை அணை. ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் 2.8, ஐ.எஸ்.ஓ. என்ன வருமோ அது வரட்டும். அவரைப் பேச விடு, முப்பது படம் எடு.

மிச்சப் பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், செமஸ்டர் ஃபீஸ் கட்டு ராசா :-)